கோவையில் ஸ்டார்பக்ஸ்: வதந்தியைக் கழித்துவிட்டுப் பார்த்தால்

ஸ்டார்பக்ஸ் இந்தியாவை விட்டு வெளியேறப் போகிறது என்ற செய்தி 2024 டிசம்பரில் நாடெங்கும் பரவியது. கோவை, திருப்பூர் வாட்ஸ்அப் குழுக்களிலும் அது சுற்றிச் சுற்றி வந்தது. "ஏங்கண்ணு, அந்த முந்நூறு ரூவா காபிக் கடைய மூடறாங்களாமா?" என்று என் சித்தப்பா திருப்பூரிலிருந்து போன் போட்டே கேட்டார். அந்த மாதம் 19ஆம் தேதியே, ஸ்டார்பக்ஸின் இந்தியப் பங்காளியான டாடா கன்ஸ்யூமர் நிறுவனம் பங்குச்சந்தைகளுக்கு விளக்கம் அனுப்பி, செய்தி அடிப்படையற்றது என்று எழுத்தில் மறுத்துவிட்டது. ஆனால், அந்த மறுப்பு எங்கள் குழு எதிலும் வந்து சேரவில்லை.

இந்த வதந்தி ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2023–24 நிதியாண்டில் விற்பனை 1,200 கோடி ரூபாயைத் தாண்டியும், ஸ்டார்பக்ஸின் இந்திய நிறுவனத்துக்கு ஏறத்தாழ 80 கோடி ரூபாய் நட்டம். அதே 2024 ஜனவரியில்தான், 2028க்குள் இந்தியாவில் கடைகளின் எண்ணிக்கையை ஆயிரமாக உயர்த்தப் போவதாகவும் அறிவித்திருந்தார்கள். புதிதாகத் தறி போட்டவர் முதல் சில வருடங்கள் வட்டிக்கே உழைப்பதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. நட்டக் கணக்கு வந்தவுடன் கதவடைப்பு என்று முடிவு கட்டுவது நமக்கே பொருந்தாத அவசரம்.

கொட்டையெல்லாம் அமெரிக்காவிலிருந்து வருகிறது, நாம் கொடுக்கும் பணம் முழுவதும் அங்கேயே போகிறது என்ற பேச்சும் அடிக்கடி காதில் விழுகிறது. இங்கே கடை நடத்துவது டாடாவும் ஸ்டார்பக்ஸும் ஆளுக்குப் பாதிப் பங்கு வைத்து 2012இல் தொடங்கிய கூட்டு நிறுவனம். டாடாவின் தோட்டங்களில் விளைந்த அராபிகா வகைக் காபிக் கொட்டை, குடகில் உள்ள குசால் நகரில் வறுபட்டு இந்தியக் கடைகளுக்கு வருகிறது. மைசூர் வழியாகப் போனால், கோவையிலிருந்து ஒரு பகலில் போய்ச் சேரக்கூடிய தொலைவுதான் அது.

சைவக் குடும்பங்களில் பேசப்படும் பூச்சிச் சாயக் கதை வேறு ரகம்; அதில் உண்மை இருக்கிறது. கள்ளிச்செடியில் வாழும் கொச்சினீல் என்ற பூச்சியை உலர்த்தி எடுக்கும் சிவப்புச் சாயத்தை, அமெரிக்காவில் ஸ்டிராபெர்ரி பானத்துக்கும் சில தின்பண்டங்களுக்கும் ஸ்டார்பக்ஸ் பயன்படுத்தியது மெய்யே. எதிர்ப்பு எழுந்ததால், 2012 ஏப்ரலில் அதைக் கைவிடுவதாக அறிவித்துத் தக்காளியிலிருந்து எடுக்கும் நிறத்துக்கு மாறினார்கள். மும்பையில் இந்தியாவின் முதல் கடை திறந்தது அதே ஆண்டு அக்டோபரில்தான். ஆகவே, இன்றும் அந்தப் படத்தைப் பகிர்ந்து "நம்ம ஊர்லயும் இதைத்தான் ஊத்தறாங்க" என்று பயமுறுத்துவது நியாயமில்லை.

ஸ்டார்பக்ஸ் காசு இஸ்ரேலுக்குப் போகிறது என்ற பேச்சும் உண்டு. இஸ்ரேல் அரசுக்கோ அதன் ராணுவத்துக்கோ தாங்கள் நிதி தருவதில்லை என்று நிறுவனம் பலமுறை சொல்லியிருக்கிறது. அந்த நாட்டில் இருந்த கடைகளை 2003இலேயே மூடிவிட்டார்கள். 2023 அக்டோபரில், அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் ஊழியர்களின் தொழிலாளர் சங்கம் பாலஸ்தீனத்துக்கு ஆதரவாக இட்ட பதிவை ஒட்டி நிறுவனம் சங்கத்தின் மீது வழக்குப் போட்டதும், புறக்கணிப்புக் குரல் உலகெங்கும் வலுத்தது. அந்த வழக்கை மனத்தில் வைத்துக் கடைக்குள் காலடி வைக்க மறுக்கும் கல்லூரி நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். அவர் தெரிந்தே எடுத்த முடிவை நான் மதிக்கிறேன். பொய்யான பண விவரத்தை நம்பி எடுக்கும் முடிவைத்தான் மதிக்க முடியவில்லை.

இனி, கோப்பைக்கு வருவோம். சிக்கரி கலந்த தூளில் சொட்டுச் சொட்டாக இறங்கிய டிக்காஷனும், நன்றாகக் காய்ந்த பாலும் சேர்ந்து டபராவில் நுரை தள்ளும் காபிதான் நம் நாக்குக்குப் பழக்கம். காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. மீதி சிக்கரியாக இருக்கலாம் என்பதால்தான் அந்தக் கெட்டியும் கருநிறமும். ஸ்டார்பக்ஸில் சிக்கரி இல்லாத, நன்கு கருக வறுத்த அராபிகாவை இயந்திர அழுத்தத்தில் அரை நிமிடத்துக்குள் பிழிந்து எடுக்கிறார்கள். மேலே தங்க நிறத்தில் மெல்லிய ஏடு படிகிறது. முதல் மிடறில் கசப்பு முன்னால் வருகிறது, பின்னாலேயே கோகோவைப் போன்ற ஒரு மணம் நிற்கிறது. "தண்ணிக் காபி" என்று முகம் சுளிப்பவர்கள், பெரும்பாலும் பெரிய கோப்பையை வாங்கிப் பாலில் அதைத் தொலைத்துவிட்டவர்கள். இந்தியாவுக்கென்று கொண்டுவந்த பிக்கோ என்ற சிறிய அளவில் கேப்புசினோ கேட்டுப் பாருங்கள், சர்க்கரை போடாமல். அந்த அளவில்தான் காபியின் குணம் தெரிகிறது. கேரமல், சாக்லேட் சிரப் ஊற்றிய பானங்களை நான் காபிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவை குளிர்ந்த இனிப்புகள், குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

விலையைப் பற்றி ஊர் சொல்வது மட்டும் வதந்தி இல்லை. வரியோடு முந்நூறை நெருங்கும் ஒரு கோப்பையின் காசில், நல்ல ஓட்டலில் நான்கைந்து பேர் ஃபில்டர் காபி குடித்து எழுந்துவிடலாம். மணிக்கணக்காக உட்கார்ந்து வேலை பார்க்க இடம் வேண்டுபவர்களுக்கு, குளிரூட்டிய அறைக்கும் மேசைக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை என்ற அளவில் அது தகும். காபிக்காக மட்டும் போகிறவர்களுக்கு அதிகம் என்பதே என் கருத்து. ஏற்காட்டு மலையிலும் வால்பாறைச் சரிவுகளிலும் காபி விளைகிறது. கோவைக் கிளைகளில் அந்தக் கொட்டையை ஊர்ப் பெயரோடு வறுத்து விற்றால், முந்நூறு ரூபாயைப் பற்றிய முணுமுணுப்பு இங்கே பாதியாகக் குறையும் என்று நினைக்கிறேன்.