பிணைப்பு உடைவது: சீரான பிளவா, சீரற்ற பிளவா?

இரண்டு அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு உடைகிறது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அங்கே இருந்த இரண்டு எலக்ட்ரான்களும் யாரிடம் போகின்றன என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எப்படி உடைந்தாலும் ஆற்றல் கொடுத்தே ஆக வேண்டும். உடைத்தால் ஆற்றல் வரும் என்று பலர் நினைப்பது தவறு.

குளோரின் மூலக்கூறின் மேல் நீல ஒளி பட்டால் ஆளுக்கொரு எலக்ட்ரானாகப் பிரித்துக்கொண்டு இரண்டு அணுக்களும் விலகும். இது சீரான பிளவு, மோலுக்குச் சுமார் 242 கிலோஜூல் போதும். அப்படிக் கிடைக்கும் தனி உறுப்பு, அதாவது ஜோடியில்லாத எலக்ட்ரானோடு நிற்கும் குளோரின் அணு, சும்மா இருக்காது, மீத்தேனைக் கண்டால் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும், அந்தப் புது ஹைட்ரஜன்-குளோரின் பிணைப்பு உருவாகும்போது மோலுக்குச் சுமார் 431 கிலோஜூல் வெளியே வரும்.

சீரற்ற பிளவில் இரண்டு எலக்ட்ரானும் ஒரே பக்கம் போய்விடும். ஹைட்ரஜன் குளோரைடை வாயு நிலையில் இப்படி அயனிகளாக, அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்களாகப் பிரிக்க மோலுக்குக் கிட்டத்தட்ட 1,395 கிலோஜூல் வேண்டும், அதே பிணைப்பைச் சீராகப் பிளக்க ஆகும் 431 கிலோஜூலைப் போல மூன்று மடங்குக்கும் மேல். சரி, அதையே தண்ணீரில் கரைத்துப் பாருங்கள், உடனே பிரிந்துவிடும்! தண்ணீர் மூலக்கூறுகள் இரண்டு அயனிகளையும் சூழ்ந்து பிடித்துக்கொள்ளும்போது வரும் ஆற்றலே அந்தப் பெரிய செலவை ஈடுகட்டிவிடுகிறது. வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.