மட்டை அரிசி வேகும் வீட்டுக்கு எந்த இண்டக்‌ஷன் அடுப்பு?

கடையில் போய் நின்றதும் எல்லோரும் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்றுதான். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கொல்லங்கோடு பக்கம் இருக்கிற நாம் அதற்கு முன்னால் ஒரு காந்தத்தை எடுத்து வீட்டுப் பாத்திரங்களின் அடியில் வைத்துப் பார்ப்பது நல்லது. நன்றாக ஒட்டினால் இண்டக்‌ஷனில் சூடாகும், ஒட்டாவிட்டால் ஆகாது. அலுமினியக் குக்கர், பித்தளைப் பாத்திரம், வெண்கல உருளி, மீன் குழம்பு வைக்கிற மண்சட்டி எல்லாமே அந்தச் சோதனையில் விழுந்துவிடும். ஆப்பச்சட்டி இரும்பாகவே இருந்தாலும் அடி குழிவாக இருப்பதால் கண்ணாடியில் சரியாக உட்காராது. பாத்திரங்களை மாற்றும் செலவையும் சேர்த்தால்தான் அடுப்பின் உண்மையான விலை தெரியும்.

இனி அடுப்புகளுக்கு வருகிறேன். பிளக்கில் மாட்டுகிற ஒற்றை அடுப்பு பெரும்பாலும் 1200 முதல் 2200 வாட்ஸ் வரை கிடைக்கிறது. என் கணக்கில் முக்கால்வாசி வீடுகளுக்கு இதுவே போதும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ 0.1 யூனிட் ஆகும், காலையில் காப்பி, முட்டை, புட்டுக்கு ஆவி, கடலை வேக வைப்பது எல்லாம் இதில் மளமளவென்று முடிந்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 2000 வாட்ஸ் அடுப்பு 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும், அதை 6 ஆம்பியர் சின்ன பிளக்கில் மாற்று அடாப்டர் போட்டு மாட்டினால் பிளக்கும் ஒயரும் உருகும். 16 ஆம்பியர் பெரிய பிளக் கட்டாயம் வேண்டும்.

தோசைக்கு மட்டும் ஒற்றை அடுப்பில் எனக்குத் திருப்தி இல்லை. உள்ளே இருக்கிற சுருள் சின்னது, நம் தோசைக்கல் அதைவிட அகலம், அதனால் நடுவில் கருகும், ஓரம் வெளுத்துக் கிடக்கும். வார்ப்பிரும்புக் கல்லைக் குறைந்த சூட்டில் சில நிமிடம் காயவிட்டு ஊற்றினால் ஓரளவு சரியாகும், ஆனால் பெரிய கல்லுக்கு கேஸ்தான். குறைந்த சூட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு: மலிவான அடுப்புகள் சூட்டைத் தணிக்காமல், முழு வேகத்தில் எரிந்து அணைந்து எரிந்து அணைந்து சமாளிக்கும், பாயசம் அடிபிடிக்க அதுவே போதும்.

இரட்டை அடுப்பில் விளம்பரம் சொல்லாத ஒரு விஷயம், ஒரே பிளக்கில் மாட்டுகிறவற்றில் இரண்டு பக்கமும் முழு வேகத்தில் எரியாது, மொத்த வாட்ஸைப் பங்கு போட்டுக்கொள்ளும். அதற்கு இரண்டு ஒற்றை அடுப்பு வாங்கித் தனித்தனி பிளக்கில் வைப்பது மேல்.

மேடையில் பதிக்கிற நாலு அடுப்புக்காரன் பார்க்க அழகு. ஆனால் அது 7000 வாட்ஸ் வரை போகும், அதாவது 30 ஆம்பியர். தனி ஒயர், லோடு மிஞ்சினால் தானே அணையும் தனி எம்சிபி சுவிட்ச், கேரள மின்வாரியமான கேஎஸ்இபியில் இணைப்பு லோடு உயர்த்துவது என்று வேலை நீளும். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் இப்போதே அந்த ஒயரை இழுத்து வைத்துக்கொள்ளட்டும், பழைய வீட்டில் சுவரை உடைத்து இதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

இன்ஃப்ராரெட் அடுப்பு வேறு ஜாதி. கண்ணாடிக்கு அடியில் சுருள் சிவக்கக் காய்ந்து சூடாக்குவதால் காந்தச் சோதனையே வேண்டாம், அடி தட்டையாக இருந்தால் அலுமினியம், பித்தளை எதையும் ஏற்றலாம். பாத்திரம் மாற்ற முடியாதவர்களுக்கு இது சரி. ஆனால் சூடேற நேரமாகும், கரண்ட்டும் கூடச் செலவாகும், அணைத்த பிறகும் கண்ணாடி வெகு நேரம் சுடும். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் எனக்கு அது பயம்.

அப்புறம் பில். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தருகிற வேலையை இண்டக்‌ஷனில் செய்ய ஏறத்தாழ 140 யூனிட் ஆகும். உங்கள் பில்லில் கடைசிப் படியின் (ஸ்லாப்) யூனிட் விலையால் அதைப் பெருக்கி சிலிண்டர் விலையோடு வைத்துப் பாருங்கள். கோபாலபுரம் எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் இருக்கிறது, நமக்கு அது இல்லை. இங்கே பயப்பட வேண்டியது மாதம் 250 யூனிட் என்ற கோட்டுக்கு. அதைத் தாண்டினால் படிப்படியான கணக்கு போய், முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே கூடிய விலை. ஏற்கெனவே ஏசி ஓடி 220 யூனிட் வருகிற வீட்டில் சமையல் முழுவதையும் இண்டக்‌ஷனுக்கு மாற்றினால் அடுப்பு தின்பது போதாதென்று அந்தக் கோடும் சேர்ந்து தின்னும். 120 யூனிட் வருகிற வீட்டுக்குத் தாராளமாக மாறலாம்.

தடித்த சிவப்பு மட்டை அரிசிதான் நம் வீடுகளில் அதிகம் எரிபொருள் குடிப்பது. அதற்கு, மக்களிடம் அறிவியலைக் கொண்டுசெல்லும் அமைப்பான சாஸ்திர சாகித்ய பரிஷத்காரர்கள் கேரளம் முழுக்கப் பரப்பிய சூடாறாப்பெட்டி, அதாவது சூடு வெளியே போகாமல் காக்கும் பெட்டி, இன்னமும் சிறந்த துணை. இண்டக்‌ஷனில் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் மிச்ச வேக்காட்டை அது பார்த்துக்கொள்ளும். புது அடுப்பு வாங்குகிறவர்கள் அந்தப் பெட்டியையும் சேர்த்து வாங்கினால் யூனிட் கணிசமாகக் குறையும்.

கேஸைத் தூக்கிப் போட வேண்டாம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் கரண்ட் போனால் ஒரு பர்னராவது கையில் இருக்க வேண்டும், மீன் சட்டிக்கும் ஆப்பத்துக்கும் அது எப்படியும் தேவை. வீட்டில் பேஸ்மேக்கர் வைத்தவர் இருந்தால் வாங்கும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். இட்லி, தோசை என்று படம் போட்ட பொத்தான்களுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், சூட்டை நேராகக் கூட்டிக் குறைக்க வழி இருந்தால் போதும். அடியில் இருக்கிற ஃபேன் துவாரத்தில் எறும்பும் பாச்சையும் புகுந்து போர்டைக் கெடுப்பது நம் ஊரில் சகஜம், அதனால் சர்வீஸ் பாலக்காட்டில் கிடைக்குமா, கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா என்பதைக் காசு கொடுக்கும் முன்பே கேட்டு வையுங்கள்.