கொசு விரட்டும் செடி என்று சொல்லி 2,400 ரூபாயைப் பறித்தார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள்!

இரண்டாயிரத்து நானூறு ரூபாய். கொசுவை விரட்டும் என்று விளம்பரம் செய்த ஜெரேனியம் என்ற மணச்செடி நான்கு தொட்டிக்கு, கூரியர் செலவோடு சேர்த்து நான் கட்டிய பணம். இன்று காலை கடைசிச் செடியும் அடித்தண்டு கருத்துச் சாய்ந்துவிட்டது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து இதே விளம்பரம் எல்லாருடைய கைப்பேசியிலும் சுற்றுகிறது. இன்னொரு வீட்டார் பணம் கட்டுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். உண்மையான செடியை எப்படி அடையாளம் காண்பது, எப்படி வளர்ப்பது என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, கூரியரில் செடி அனுப்பும் வகை. பெயரை மாற்றிக்கொண்டு நாளைக்கே வேறு பக்கம் திறப்பார்கள்.

எங்கள் வீடு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதியில் இருக்கிறது. ஐப்பசி பிறந்துவிட்டால் பொழுது சாய்வதற்கு முன்பே ஜன்னல்களைச் சாத்த வேண்டும். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். கொசுவர்த்திப் புகை அவளுக்கு ஆகவில்லை. மின்சாரத்தில் மாட்டும் திரவ மருந்து தலைவலி தருகிறது என்கிறாள். பக்கத்துத் தெருவில் டெங்கு என்று பேச்சு. அந்த நேரம் பார்த்து இந்த வீடியோ வந்தது: அறையின் நான்கு மூலைக்கு நான்கு செடி, ஒரு கொசுகூட அண்டாது!

விலை அதிகமாகத் தோன்றியதால் போன் செய்து பேசினேன். எடுத்த பெண் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "மகளுக்கு எத்தனையாவது மாதம், அம்மா?" என்று கேட்டார். எட்டு என்றேன். "அப்படியானால் புகையே கூடாது, அம்மா. என் அக்கா பிரசவத்துக்கு வந்தபோது நானும் இதைத்தான் வைத்தேன்" என்றார். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் எண்ணெய் எடுப்பதற்காக ஜெரேனியம் பயிரிடுவார்கள், குளிர்ந்த இடத்துச் செடி, சென்னை வெக்கையைத் தாங்குமா என்று கேட்டேன். "சென்னைக்கென்றே பழக்கிய கன்று, அம்மா. இருபது அடிக்குள் டெங்குக் கொசு வராது. நான் பொறுப்பு" என்றார். பிள்ளைத்தாய்ச்சியை விசாரித்துப் பேசும் ஒரு பெண் பொய் சொல்வாள் என்று யாருக்குத் தோன்றும்? போனை வைத்த கையோடு 2,400 ரூபாயை யுபிஐ மூலம் அனுப்பினேன்.

பெட்டியைத் திறந்ததும் எலுமிச்சை வாசனை குப்பென்று அடித்தது. முதல் முறை தண்ணீர் தெளித்தபோது, இலைமேல் எண்ணெய்ப் படலம் வட்டம் வட்டமாகத் திரண்டு ஓடியது. துணியால் துடைத்தேன். வாசனை துணிக்கு வந்துவிட்டது. துடைத்த இலையைக் கசக்கினால் வெறும் பச்சிலை நெடி! மணமுள்ள ஜெரேனியத்தின் இலை ஆழமாக வெட்டுப்பட்டு, தொட்டால் சொரசொரவென்று இருக்கும்; கசக்கினால் எலுமிச்சை மணம் விரலைவிட்டுச் சீக்கிரம் போகாது. எனக்கு வந்தவற்றில் மூன்று, பூவுக்காக வளர்க்கும் சாதாரண ஜெரேனியம். வட்ட இலை, நடுவில் கருஞ்சிவப்பு வளையம். நான்காவது மட்டும் சரியான வகை. அதற்கு வேரே இல்லை. தொட்டியைச் சற்றுச் சாய்த்ததும் குச்சி தேங்காய் நார்த்தூளிலிருந்து கழன்று கையோடு வந்தது. சரிவாக வெட்டிய அதன் நுனியில், வேர் பிடிப்பதற்காகத் தொட்டுவைக்கும் வெள்ளைத்தூள் அப்படியே ஒட்டியிருந்தது.

படம் எடுத்து அனுப்பினேன். "பயண அலுப்பு, அம்மா, நான்கு நாளில் தேறிவிடும்" என்று பதில் வந்தது. தேறவில்லை. மறுபடி எழுதியதற்கு, பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா என்றார்கள். அப்படி ஒரு விதி இருப்பதைப் பணம் வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. அடுத்து, தண்ணீர் அதிகமாகிவிட்டது, தவறு உங்களுடையது என்றார்கள். பிறகு, செடி உயிருள்ள பொருள், திரும்பப் பெறுவதில்லை என்று ஒரு வரி. அன்போடு பேசிய அந்தப் பெண்ணிடம் கொடுங்கள் என்றதற்கு, அவர் விடுப்பில் இருக்கிறாராம். 2,400 ரூபாயில் பாதியையாவது கொடுங்கள் என்று கேட்ட அன்று என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

பணத்தைவிட என்னைக் கொதிக்க வைப்பது வேறொன்று. செடிகளோடு வந்த அட்டையில், "அடித்தட்டில் எப்போதும் தண்ணீர் நிற்கட்டும்" என்று அச்சடித்திருந்தார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். மாநகராட்சி ஊழியர்கள் வீடு வீடாக வந்து பூந்தொட்டித் தட்டைக் கவிழ்க்கச் சொல்வது இதற்காகத்தான். மகள் படுக்கும் அறை மூலையில் வைத்திருந்த தட்டில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்ததை அவளே பார்த்துக் கத்தினாள். நிறைமாதத்தை நெருங்கும் பெண் இருக்கும் வீடு என்று தெரிந்தே அந்த அட்டையை அனுப்பியிருக்கிறார்கள். இந்தச் செடிக்கும் தேங்கிய நீர் ஆகாது. வேர் அழுகி, தண்டு கருத்துப்போகும். செடி செத்ததற்கும் அவர்கள் அட்டைதான் காரணம்.

இன்னொன்றையும் தேடிப் படித்தேன். அசல் செடியே வந்திருந்தாலும் கொசு போயிருக்காது. "சிட்ரோசா" என்ற பெயரில் விற்கும் இதே வகை ஜெரேனியத்தைக் கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிடத்தில் வைத்துச் சோதித்து 1996-இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். செடி பக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏடிஸ் கொசுத் தொல்லை குறையவில்லை. கொசுக்கள் அந்தச் செடியின்மேலேயே உட்கார்ந்து இளைப்பாறின. மணத்தைத் தரும் எண்ணெய் இலையின் நுண்ணிய சுரப்பிகளுக்குள் இருக்கிறது. கசக்கினால் வெளிவரும், மூலையில் சும்மா நிற்கும் செடி அறைக்குக் காவல் இருக்காது. நம் மூச்சுக்காற்றையும் உடல் சூட்டையும் தேடி வரும் கொசுவுக்கு ஒரு தொட்டிச் செடி எம்மாத்திரம்? இது முப்பது வருடமாகத் தெரிந்த விஷயம். தெரிந்தும் விற்கிறார்கள்.

வளர்ப்பு முறையை விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது கை ஓடவில்லை. இதை மட்டும் மனதில் வையுங்கள். மணத்துக்காக ஆசைப்பட்டால் நர்சரிக்கு நேரில் போய், இலையைக் கசக்கி முகர்ந்து, தண்டை லேசாக இழுத்து வேர் பிடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மண்தொட்டி, மணல் கலந்த மண், காலை வெயில், மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். தட்டே வேண்டாம். நாய், பூனை வளர்ப்பவர்கள் எட்டாத இடத்தில் வையுங்கள், தின்றால் அவற்றுக்கு ஆகாது. கொசுவுக்கு ஜன்னல் வலையும் கட்டில் வலையும்தான். கர்ப்பிணிகள் பூசும் மருந்தை மருத்துவரிடம் கேட்டுப் பூசுங்கள்.

பணம் போனவர்கள் சும்மா இருக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. யுபிஐ ரசீது, அந்த அட்டை, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் வைத்து 2,400 ரூபாய்க்கும் நான் புகார் பதிவு செய்துவிட்டேன். அவர்களுடைய பக்கத்தில் இன்றும் அதே வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே ஒருவர், கைக்குழந்தை இருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். வாங்காதீர்கள், அம்மா.