ஓசி டேப் ஒட்டி வந்தால் உஷார்: டிடி பிளேடு ஆர்டர் கொடுக்கிறவங்க கவனத்துக்கு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் டேபிள் டென்னிஸ் ஆடுகிறவர்கள், கையால் செய்த பிளேடு, அதாவது மேலே ரப்பர் ஷீட் ஒட்டுகிற மர மட்டை, வாங்குகிற எண்ணம் இருந்தால் இதைப் படித்துவிட்டு முன்பணம் போடுங்கள். ஆளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எப்படி ஏமாந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் பழைய பிளேடு கைப்பிடிக்கு மேலே விரிசல் விட்டுவிட்டது. கம்பெனி பிளேடு ஒன்றை வாங்கியிருக்கலாம். ஆனால் எனக்கு உள்ளங்கை பெரியது, பிடி கொஞ்சம் தடிமனாக வேண்டும். நம்ம மாவட்டத்திலேயே ஒருத்தர் செய்கிறார் என்று கூட ஆடுகிற பையன் நம்பர் தந்தான்.

போனை எடுத்தால் அந்த மனுஷன் வெனியரை, அதாவது பிளேடில் அடுக்கி ஒட்டுகிற மெல்லிய மரத் தகட்டை, பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். வெளியே லிம்பா மரம் 0.55 மில்லிமீட்டர், அதற்கு உள்ளே அயூஸ் மரம் 0.6, நடுவில் கிரி மரம் 3.6. ரெண்டு பக்கமும் சேர்த்து 5.9 மில்லி. எடை 85 கிராமுக்குள் நிற்கும் என்றார். கிரி லேசான மரம், லிம்பா பந்தைக் கொஞ்சம் பிடித்து விடும், ஸ்பின் போட வசதி என்றார். சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. இவ்வளவு விவரமாகப் பேசுகிறவர் வேலையையும் ஒழுங்காகச் செய்வார் என்று நானாக முடிவு கட்டினேன். விலை 7,500. ஜிபேயில் 5,000 போட்டேன். பில் கேட்கவில்லை.

ஒரு மாசம் என்றது மூன்றரை மாசம் ஆனது. முதலில் ஆப்பிரிக்க மரம் வந்து சேரவில்லை என்றார். பிறகு மழையில் பசை காயவில்லை என்றார். ஆனி, ஆடியில் நம்ம ஊர் மழை தெரிந்ததுதானே, அதையும் நம்பினேன். மீதி 2,500-ஐயும் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்.

பிளேடு பளபளவென்று வந்தது. ஓரம் முழுக்கக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. "டேப் நம்ம கிப்ட்ணே" என்று மெசேஜ் வேறு. எனக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கே ரப்பர் ஒட்டி ஆடப் போனேன். ரெண்டாவது கேமிலேயே மணிக்கட்டு வலித்தது, பேக்ஹேண்ட் ஒவ்வொன்றும் அரை நொடி பிந்தியது. வீட்டுக்கு வந்து அடுக்களைத் தராசில் வைத்தால் 205 கிராம். ரப்பர் ரெண்டும் சேர்ந்து 97 என்று வெட்டியபோதே குறித்து வைத்திருந்தேன். அப்படியென்றால் மரம் மட்டும் 108!

போன் பண்ணினேன். "ரப்பர் ஒட்டியாச்சுன்னா ரிட்டர்ன் எடுக்க முடியாதுண்ணே, அதுக்கு முன்னாடியே பாத்திருக்கணும்." இப்படி ஒரு பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான், ஓரத்தில் அடுக்கு தெரியாதபடி அந்த டேப்பை ஓசியில் சுற்றியிருக்கிறார்.

ரப்பரை உரித்தபோது பசைப் படலத்தோடு மஞ்சள் சாயமும் சேர்ந்து வந்தது. லிம்பாவுக்கு இயல்பாகவே இளமஞ்சள் நிறம், அதற்கு எதற்குச் சாயம்? அடியில் வெளுத்த ஏதோ ஒரு மரம். டேப்பைக் கிழித்து மார்த்தாண்டத்தில் தெரிந்த ஆசாரி ஒருத்தரிடம் கொண்டு போனேன். ஓரத்தை உளியால் லேசாகச் சீவி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"நடுவுல இருக்கது நம்ம ரப்பர் தடியாக்கும் மக்கா. இதுக்கா ஏழாயிரத்தி ஐநூறு குடுத்த?"

பால் வற்றிய ரப்பர் மரத்தை வெட்டி விற்கிற அதே தடி. கிரியைப் போல ரெண்டு மடங்கு கனம் இருக்கும். ரப்பர் விளைகிற மாவட்டத்துக்காரன், பிளேடுக்கு மேலே ரப்பர் ஒட்டக் காசு கொடுத்தேன் சரி, உள்ளேயும் அதுவா!

ஆசாரி காட்டிய இன்னொன்றுதான் முக்கியம். நான் ஆர்டர் கொடுத்த அஞ்சு அடுக்கில் ரெண்டாவதிலும் நாலாவதிலும் மர நார் குறுக்கே போக வேண்டும். பக்கவாட்டு ஓரத்தில் பார்த்தால் நெடுக்கே போகிற அடுக்கு நீளக் கோடாகத் தெரியும், குறுக்கே போகிறது பொடிப்பொடிப் புள்ளியாகத் தெரியும். என்னுடையதில் அஞ்சும் கோடுதான். குறுக்கே இழுத்துப் பிடிக்க ஆள் இல்லாததால் ஈரக்காற்று பட்டதும் வளைந்துவிட்டது. ஸ்டீல் ஸ்கேலை அகலவாக்கில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் நகக்கனத்துக்கு இடைவெளி. ஆட்ட விதிப்படி பிளேடு எந்த அளவிலும் எந்த எடையிலும் இருக்கலாம், ஆனால் தட்டையாக, விறைப்பாக இருக்க வேண்டும். ஆக, இதை வைத்து டோர்னமென்டுக்கும் போக முடியாது.

இதையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் பிளாக்.

இனி யாரிடம் செய்யக் கொடுத்தாலும், பசை போடுவதற்கு முன்னால் அஞ்சு வெனியரையும் விரித்து வைத்து, என் பெயரைப் பென்சிலில் எழுதிப் போட்டோ கேட்பேன். தராசில் வைத்த போட்டோவும் வர வேண்டும். டேப்பை நானே வாங்கிக்கொள்கிறேன், நூறு ரூபாய்கூட ஆகாது.

எங்களோடு ஆடுகிற இன்னும் ரெண்டு பேர் அதே ஆளுக்கு முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஒருத்தனுக்கு அடுத்த வாரம் பார்சல் வருகிறதாம். டேப்பைக் கிழிக்காமல் ரப்பர் கவரைப் பிரிக்காதே லே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.