மூன்று பீப் சத்தத்துக்கு 4,800 ரூபாய்: பழைய கணினி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

வலங்கைமான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பொதுச் சேவை மையம் நடத்துகிறேன். கடையில் இருப்பது பதினான்கு வருடப் பழைய மேசைக் கணினி. கடந்த ஐப்பசியில், சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கிய வாரம், சிட்டாவும் அடங்கலுமாக ஆட்கள் கடைவாசலில் நின்றிருந்தார்கள். கணினியைப் போட்டால் திரை இருட்டு. பெட்டிக்குள்ளிருந்து பீப், பீப், பீப் என்று மூன்று சத்தம், அதோடு சரி. நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன். அதே மூன்று.

தெரிந்த ஒருவர் சொன்ன பழுதுபார்க்கும் கடைக்குப் போன் செய்தேன். வந்த பையன் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "மதர்போர்டு போய்விட்டது அண்ணே, கடைக்குக் கொண்டுபோய்த்தான் மாற்ற வேண்டும்" என்றான். எல்லா உறுப்புகளும் பொருந்தியிருக்கும் முதன்மைப் பலகைதான் மதர்போர்டு. அடைமழையில் நனைந்துகொண்டு நின்றவர்களைப் பார்த்தபடியே சரி என்று தூக்கிக் கொடுத்துவிட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் திரும்பி வந்தது. அதற்குள் காத்திருந்தவர்கள் கும்பகோணத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். 4,800 ரூபாய் கேட்டான், கொடுத்தேன். பில் கேட்டதற்கு, "பில் போட்டால் வரி சேர்ந்துவிடும் அண்ணே" என்றான். கழற்றிய பழைய போர்டு எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

வந்ததிலிருந்து கணினி ஆமையாக நகர்ந்தது. போனில் கேட்டேன். "புது போர்டு, பழகும்வரை அப்படித்தான் இருக்கும்" என்றான். இதைவிடப் பச்சைப் பொய் கிடையாது. போர்டு பழகுவதற்கு அது என்ன புதுச் செருப்பா?

கார்த்திகையில் அதே மூன்று பீப் திரும்பவும் வந்தது. பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகன் அன்றைக்கு வீட்டில் இருந்தான். "மாமா, இது ராம் கோளாறு" என்றான், பெட்டியைத் தொடுவதற்கு முன்பே.

ராம் என்பது கணினியின் தற்காலிக நினைவகம். அவன் விளக்கியதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கணினிக்கு மின்சாரம் வந்ததும் பயாஸ் என்ற சிறு நிரல் முதலில் ஒவ்வொரு உறுப்பாகச் சோதிக்கிறது. அந்த நேரத்தில் திரை இன்னும் உயிர் பெற்றிருக்காது. அதனால் கோளாறைப் பீப் சத்தத்தால் சொல்கிறது. 1981இல் வந்த ஐபிஎம் பிசி காலத்திலிருந்தே உள்ள வழக்கம் இது. என்னுடையது அமி நிறுவனத்தின் பயாஸ். அதில் திரை வராமல் கேட்கும் ஒன்று, இரண்டு, மூன்று பீப் எல்லாமே நினைவகத்தைக் காட்டுபவை. எட்டு என்றால் திரைக்கான நினைவகம். அவார்டு பயாஸில் ஒரு நீண்ட சத்தமும் இரண்டு குறுஞ்சத்தமும் வந்தால் திரைக்குப் படம் தரும் கிராபிக்ஸ் கார்டைப் பார்க்க வேண்டும். டெல், எச்பி கணினிகளில் பல, விளக்கைச் சிமிட்டியும் சொல்லும். ஆகவே உங்கள் கணினியின் பயாஸ் எது என்பதை அது நன்றாக ஓடும்போதே முதல் திரையில் பார்த்து எழுதிவையுங்கள். ஒரு பயாஸின் கணக்கு இன்னொன்றுக்குப் பொருந்தாது.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டு, ராமைக் கழற்றினான். அதன் விளிம்பில் வரிசையாக இருக்கும் தங்கநிறப் பற்கள் மங்கிக் கிடந்தன. நம் பக்கத்து மழைக்கால ஈரம் செய்கிற வேலை. பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்து, கிளிக் என்று இருபக்கக் கொக்கியும் விழும்வரை அழுத்தினான். ஒரே ஒரு பீப். திரை வந்துவிட்டது.

ராம் சத்தம் வந்தால் ராம்தான் போனது என்று உடனே முடிவுகட்டிவிடவும் கூடாது. ராம் பொருந்தும் குழியோ போர்டோகூடக் காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு ராமையும் தனித்தனியே ஒவ்வொரு குழியிலும் மாற்றிப் போட்டுப் பார்த்த பிறகுதான் போர்டைப் பற்றிப் பேச வேண்டும். இதைச் செய்யாமல் "போர்டு போய்விட்டது" என்பவரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

இனிதான் வயிறு எரிந்த விஷயம். இரண்டு 2 ஜிபி ராம் இருந்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது. கணினி ஏன் ஆமையானது என்று அப்போது புரிந்தது. பேட்டரிக்குப் பக்கத்தில் போர்டின் மேல் கறுப்பு மையில் "ஐப்பசி 2019" என்றிருந்தது. பேட்டரி மாற்றிய அன்று நானே எழுதியது. போர்டு மாற்றப்படவே இல்லை! பழைய ராமைக் கழற்றி மாட்டியதற்குப் புதுப் போர்டு விலை வாங்கிக்கொண்டு, இன்னொரு ராமையும் எடுத்துக்கொண்டு அனுப்பியிருக்கிறான்.

இப்போது அவன் போனை எடுப்பதில்லை. பணத்தைச் செல்பேசி வழியாக அனுப்பியிருந்ததால் அந்தப் பதிவு கையில் இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லியிருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. பில் தராததே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

இந்த மழைக்காலத்தில் யாரிடமாவது கணினியைக் கொடுத்து வாங்கியிருந்தால், இன்றே பெட்டியைத் திறந்து ராம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இனிமேல் கொடுப்பதாக இருந்தால் போர்டு, ராம், ஹார்டு டிஸ்க் மூன்றின் வரிசை எண்ணும் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள்.