வால்வு ரேடியோவில் பழைய செராமிக் கண்டன்சர்: மாற்றவா, விடவா?

கல்லிடைக்குறிச்சியில் சித்தப்பா வீட்டுப் பரணிலிருந்து ஒரு வால்வு ரேடியோ கிடைத்தது. தென்காசியில் தெரிந்தவர் ஒருவர் இன்னொன்று கொடுத்தார். முதல் செட்டில் கண்டன்சர் (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) அத்தனையையும் கழற்றிப் புதிதாகப் போட்டேன். இரண்டாவதில் செராமிக் மேல் கைவைக்கவே இல்லை. இன்று கேட்டால் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன்.

பேப்பர் கண்டன்சரையும், பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்டும் பில்டர் கண்டன்சரையும் மாற்றுவதில் பேச்சே இல்லை. மெழுகுக் காகிதம் ஈரம் இழுக்கும், அதுவும் குற்றாலச் சாரல் எட்டுகிற ஊரில். ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வுக்கு முன்னால் இருக்கும் கண்டன்சர் லீக் ஆனால், வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்ட் ஏறி, வால்வோடு டிரான்ஸ்பார்மரும் போய்விடும். செராமிக் என்பது சுட்ட பீங்கான் வில்லை, இருபுறமும் வெள்ளிப் பூச்சு. உலர்ந்துபோக உள்ளே திரவம் கிடையாது.

“செராமிக்கும் வயதாகும்” என்பார்கள். பேரியம் டைட்டனேட் வகையில் அது உண்மைதான். ஆனால் அதன் கொள்ளளவு ஒவ்வொரு பத்து மடங்கு காலத்துக்கும் சில சதவீதம் என்ற கணக்கில் குறைகிறது. முதல் வருஷம் முடிந்து அறுபதாவது வருஷம் வரும்போது இரண்டு பத்து மடங்குகூட ஆகியிருக்காது. அந்த வகையைப் பெரும்பாலும் வேண்டாத சிக்னலை எர்த்துக்கு வடித்துவிடும் பைபாஸ் வேலைக்குத்தான் போட்டிருப்பார்கள். அங்கே கொஞ்சம் குறைந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

எனக்கு விஷயம் பிடிபட்டது ஆசிலேட்டரில்தான், அதாவது எந்த நிலையம் கேட்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் அலையை உண்டாக்கும் பகுதியில். முதல் செட்டில் மீடியம் வேவ் அருமை, 1197 கிலோஹெர்ட்ஸில் திருநெல்வேலி வானொலி கணீரென்று கேட்டது. ஷார்ட் வேவுக்குப் போனால் தொல்லை. 25 மீட்டரில் ஒரு நிலையத்தைப் பிடித்து வைத்துவிட்டுக் காபி குடித்து வருவதற்குள் அது நழுவியிருக்கும். செட் சூடேறச் சூடேற ஊசியைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

டவுனில் ரொம்ப நாளாக ரேடியோ பார்க்கும் ஒரு அண்ணாச்சியிடம் கழற்றிய பாகங்களைக் கொண்டுபோனேன். டப்பாவைக் கிளறி ஒரு சின்ன வில்லையை எடுத்தார். “தம்பி, ஊதாப் பொட்டு வச்சத எதுக்குக் கழட்டுனிய?”

ஊதா நிறம் என்றால் என்750. ஒரு டிகிரி சூடு ஏறினால் பத்து லட்சத்தில் 750 பங்கு கொள்ளளவு குறையும். ஆசிலேட்டரின் கம்பிச்சுருள் (காயில்) சூடாகி அலைவரிசை கீழே இறங்கும்போது இது மேலே இழுத்துச் சரிக்கட்டும். நான் போட்ட புதியது சூட்டில் மாறாத என்பிஓ வகை, கறுப்புப் பொட்டு. தனியாகப் பார்த்தால் அதுதான் தரமான கண்டன்சர். ஆனால் காயிலின் நகர்வைச் சரிக்கட்ட அங்கே ஆளில்லை. பழைய வில்லையையே திரும்பச் சால்டர் செய்தேன். நழுவல் நின்றது.

எல்லா செராமிக்கையும் விட்டுவிடச் சொல்லவில்லை. மெயின்ஸ் லைனில் நேராக இருப்பதை யோசிக்காமல் எடுத்துவிட்டு மெயின்ஸுக்கென்றே செய்த எக்ஸ் அல்லது ஒய் பாதுகாப்புத் தரத்தில் போடுங்கள். வில்லையில் கீறல் இருந்தாலும், மரக்குச்சியால் லேசாகத் தட்டும்போது கரகரத்தாலும் மாற்றத்தான் வேண்டும். கடற்காற்றில் இருந்த செட்டுகளுக்கு மட்டும் அடித்துச் சொல்ல மாட்டேன். உவரியிலிருந்து வந்த ஒன்றைத்தான் திறந்திருக்கிறேன். ஈரமும் டிசி வோல்ட்டும் சேர்ந்தால் வெள்ளி ஊர்ந்து லீக் ஆகலாம் என்பதால், அதில் ஒவ்வொன்றாக ஒரு கம்பிக் காலை மட்டும் கழற்றி அளந்து பார்த்தேன். ஒன்றுகூட லீக் இல்லை.