ஹுவே சாய் – லுவாங் பிரபாங் ஸ்லோ போட்: ஐந்துக்கு நான்கு

வசதியைப் பார்த்து மதிப்பெண் போடுவதென்றால் இதற்கு இரண்டே அதிகம். மீதி இரண்டு எப்படி வந்தது என்பதற்குத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

தாய்லாந்தின் சியாங் கோங்கிலிருந்து மீகாங் ஆற்றைத் தாண்டினால் லாவோஸின் ஹுவே சாய். முன்பு தோணியில் கடப்பார்களாம். 2013-இல் பாலம் திறந்த பிறகு அதற்கென்று ஓடும் பஸ்ஸில்தான் போக வேண்டும், நடக்க விடமாட்டார்கள். அங்கே படகேறினால் ஆற்றோடு சுமார் 300 கிலோமீட்டர், இரண்டு பகல் பயணம். இருட்டில் படகு ஓடாது, ஆற்றுக்குள் பாறைகள் அப்படி. அதனால் இடையில் பாக்பெங் என்ற சின்ன ஊரில் எல்லோரையும் இறக்கிவிட்டுவிடுவார்கள். அவசரக்காரர்களுக்கு இரவு பஸ் இருக்கிறது. ஸ்பீட் போட்டும் உண்டு, ஹெல்மெட் மாட்டி உட்கார வைப்பார்கள். அதிலேயே விஷயம் புரிந்திருக்கும்.

டிக்கெட்டைப் படகுத்துறை கவுன்ட்டரில் வாங்குங்கள். தாய்லாந்துப் பக்கம் ஒரு கடையில் எனக்குச் சொன்ன விலைக்கும் கவுன்ட்டர் விலைக்கும் இருந்த வித்தியாசத்தில் அன்றைய ராத்திரி தங்கலே முடிந்துவிட்டது.

செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். இருக்கைகள் பழைய வேன்களிலிருந்து கழற்றி வந்தவை, இரண்டிரண்டாகக் கட்டையில் பொருத்தியிருக்கிறார்கள். தரையோடு பூட்டவில்லை. பின்னால் இருப்பவர் காலை நீட்டினால் நாம் முன்னால் நகர்வோம். டிக்கெட்டில் இருக்கை எண் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. சீக்கிரம் போய் முன்பக்கம் இடம் பிடியுங்கள். இன்ஜின் பின்னால் இருக்கிறது, அதன் பக்கத்தில் மாட்டினால் அன்றைக்கு முழுக்கக் காது போச்சு. கழிப்பறையும் அங்கேதான். கப் நூடுல்ஸ், சிப்ஸ், பீர்லாவ் என்ற உள்ளூர் பீர் தவிர எதுவும் கிடைக்காது, விலையும் கரையைவிடக் கூடுதல்.

சரி, பிறகு ஏன் நான்கு? இது சுற்றுலாப் படகு மட்டுமல்ல. ரோடு சரியாக எட்டாத கரையோர ஊர்களுக்கு இதுதான் பஸ், இதுதான் லாரி. அரிசி மூட்டை, தகர ஷீட், ஒரு மோட்டார் சைக்கிள், கூடைக்குள் இரண்டு கோழி, இவற்றோடுதான் நானும் போனேன். நிறுத்தம் என்று எதுவும் கிடையாது. வெறும் மணல் திட்டில் படகு மூக்கை முட்டும், ஒரு பலகை விழும், மூட்டையோடு ஓர் அம்மா இறங்குவார், மேட்டிலிருந்து பிள்ளைகள் ஓடி வருவார்கள். அரை நிமிஷத்தில் கிளம்பிவிடும். தண்ணீர் வற்றிய கரைச் சரிவுகளில் வேர்க்கடலை போட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் அந்த வயல் ஆற்றுக்கு அடியில் இருக்கும்.

எனக்கு நாடு பிடித்துப்போனது மதியச் சாப்பாட்டு நேரத்தில். பக்கத்து இருக்கைப் பாட்டி மூங்கில் கூடையைத் திறந்து "கின், கின்" என்று என் பக்கம் நீட்டினார். உள்ளே ஆவியில் வேகவைத்த ஒட்டரிசி. நான் பிய்த்த விதம் அவருக்குச் சரிப்படவில்லை. என் விரல்களைப் பிடித்து, ஒரு விள்ளல் கிள்ளி, உள்ளங்கையில் படாமல் விரல் நுனியிலேயே உருட்டி, கட்டைவிரலால் லேசாகக் குழி அழுத்தி, அந்தக் குழியில் ஜெயோ என்ற மிளகாய்ச் சட்னியை வழித்துக் காட்டினார். சுட்ட மிளகாயும் பூண்டும் இடித்த அது நம் அம்மியில் அரைத்த துவையலுக்குத் தங்கச்சி. சைவக்காரர்கள் கவனிக்கவும்: பாதேக் என்ற ஊறிய மீன் சாறு லாவோஸ் சமையலில் எதில் இருக்கும், எதில் இருக்காது என்று சொல்லவே முடியாது. சைவம்தான் வேண்டுமென்றால் ஹுவே சாயிலேயே பழமும் ரொட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் சாப்பிட்டேன், இன்னொரு விள்ளலும் வாங்கினேன். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. பாக்பெங் வரும்வரை அவருடைய பேரன் படங்கள், என் அம்மா படங்கள் என்று போனிலேயே பேசி முடித்தோம்.

பாக்பெங் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. செங்குத்தான படி, தூங்க அறை, காலையில் கட்டிக்கொள்ள சாண்ட்விச். குளிர்காலத்தில் ஆற்றுப் பனி விலக நேரமாகும், ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். மார்ச், ஏப்ரலில் போகாதீர்கள். காட்டை எரித்து நிலம் திருத்தும் புகையில் மலையே தெரியாது.

இரண்டாம் நாள் முடிவில் 'நாம் ஊ' என்ற ஆறு மீகாங்கில் வந்து கலக்கும் இடத்தில் சுண்ணாம்புப் பாறையும், புத்தர் சிலைகள் நிறைந்த பாக் ஊ குகை வாசலும் தெரியும். படகு நிற்காது. அதற்குச் சற்று மேலே 1,460 மெகாவாட் அணை ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஆகவே போக நினைப்பவர்கள் ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம். படகுத்துறை லுவாங் பிரபாங் ஊருக்குள் இல்லை, சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி. அங்கே துக்துக்காரர்களோடு பேரம் பேசித் தோற்பீர்கள்.

நேரம் இருப்பவர்கள் எதிர்த்திசையில், லுவாங் பிரபாங்கிலிருந்து ஆற்றை எதிர்த்தும் போகலாம். அந்தப் பயணத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். பயணிகள் குறைவு என்பதால் முன் இருக்கைக்கு அடிபிடி இல்லை, மூட்டைகளுக்கு நடுவில் கால் நீட்டக்கூட இடம் கிடைக்கும்.